அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது

தெரியாது என்று சொன்னேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணை, என்னை நம்பி விமானம் ஏறி வந்த ஒரு பெண்ணை, கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஓர் அதிகாரியின் முன்னால் தெரியாது என்று சொன்னேன். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே போனேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் என்னைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைப்பீர்கள். அதுதான் எனக்குப் பயம். ஏனென்றால் எனக்கே இன்னும் புரியவில்லை!

நான் விருத்தாசலத்துக்காரன். இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் செய்கிற அகல் விளக்குகளையும் சின்னப் பிள்ளையார் பொம்மைகளையும் மலேசியாவில் இருக்கும் பூசைச் சாமான் கடைகளுக்கு ஏற்பாடு செய்து அனுப்புவது என் தொழில். சரக்கு கப்பலில் போகும். நான் முன்னால் பறந்துபோய்க் கடைக்காரர்களைப் பார்த்து, மாதிரி காட்டி, ஆர்டர் பிடித்துக்கொண்டு வருவேன். நாலைந்து நாள் தங்குவேன், திரும்பிவிடுவேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் போவேன். தீபாவளி நெருங்கினால் இன்னும் அடிக்கடி.

இப்படிப் போய்வருகிறவனுக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. பாலக்கரை டீக்கடையில் என் காதுபடவே சொல்வார்கள்: "அவரப் போயி கேளுங்க. மாசாமாசம் மலேசியா போயிட்டு வராரு. இமிகிரேஷன்ல ஒரு தடவகூட நிறுத்துனதில்ல." சேத்தியாத்தோப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். நானும் சொல்லிக்கொடுப்பேன். திரும்பி வரும் டிக்கெட்டைத் தாளில் எடுத்து வைத்துக்கொள். தங்கும் இடத்தின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல். கேட்டதற்கு மட்டும் பதில். சிரிக்காதே, முறைக்கவும் செய்யாதே...

அப்படிச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு ருசி இருந்தது. மறுக்கமாட்டேன்.

ஆனால், 'ஒரு தடவைகூட நிறுத்தினதில்லை' என்பது பொய். என்னை நிறுத்தியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருப்பதைப் பார்த்த ஓர் அதிகாரி, என்னைத் தனியாக ஓர் அறைக்கு அனுப்பினார். ஏன் இத்தனை தடவை வருகிறாய்? இங்கே யாரிடம் வேலை செய்கிறாய்? நான் பையிலிருந்து ஓர் அகல் விளக்கை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு மனிதன், பிடித்துவைத்தவர்களுக்குச் செய்வதுபோல் நாடா கழற்றப்பட்ட ஷூக்களோடு குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் எந்த நாட்டுக்காரன் என்றுகூடத் தெரியாது. அந்த ஷூக்கள் மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. கடைசியில் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் பேசிய பிறகுதான் என்னை விட்டார்கள்.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. விதியை மீறவில்லை. ஒரு நாள்கூட அதிகமாகத் தங்கியதில்லை. பிறகு ஏன் அந்த அறையைப் பற்றி என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை? ஏன் அன்று முதல் ஒவ்வொரு தடவையும் கவுன்டரை நெருங்கும்போது என் உள்ளங்கை நனைந்துவிடுகிறது? குற்றம் செய்யாதவனுக்கு எதற்கு அந்த நடுக்கம்? தெரியவில்லை!

இனி அஞ்சலையைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் பொம்மை வாங்கும் பட்டறையில் அவள் பிசிறு எடுக்கிற வேலை பார்க்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரங்களை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். கம்மாபுரம் பக்கத்துக்காரி. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனபின் இங்கே வந்து வாடகை வீட்டில் குடியேறியவள். கணவன் இல்லை. ஒரே மகள் கோகிலா. மகளை மலேசியாவில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகம் திட்டக்குடிப் பக்கம், அந்த வழியில் வந்த சம்பந்தம். அஞ்சலை என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். நான் பட்டறைக்குப் போனால் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போடுவாள். எத்தனையோ வருஷப் பழக்கம்.

கோகிலாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. அஞ்சலை என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, அடுத்த தடவ நீங்க போவசொல்ல என்னையும் இட்டுனு போறீங்களா? எனக்கு ஏரோப்ளேன்னா என்னான்னே தெரியாது. பொண்ணு வா வான்னு அழுவுது."

"அதுக்கென்ன, கூட்டிட்டுப் போறேன். நான் சொல்றத மட்டும் அப்படியே சொல்லணும்."

சொல்லிக்கொடுத்தேன். இந்த இடத்தில்தான் எல்லாம் ஆரம்பமாகிறது. நீங்கள் கவுன்டரில் நான் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் குற்றம் என்று நினைப்பீர்கள். எனக்கோ சில நாட்களில் இதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது.

"பொண்ணுக்குப் பிரசவம்னு வாயே தொறக்காத. கொழந்த பாத்துக்க வந்து, வேல செஞ்சிக்கிட்டு இங்கயே தங்கிடுவேன்னு நெனைப்பாங்க. டூர் வந்தேன்னு சொல்லு. அண்ணன்கூட ஊர் சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு. அஞ்சு நாள்ல திரும்பிடுவேன்னு சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஏண்ணே, பொய் சொல்லணுமா? பொண்ணப் பாக்கத்தான போறேன்? அத சொன்னா என்னா?"

நான் சிரித்தேன். விவரம் தெரிந்தவனின் சிரிப்பு. "உண்மைய சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்கம்மா."

எங்கிருந்து எனக்கு அந்தத் தெளிவு வந்தது? மகளைப் பார்க்க வரும் தாயை யாரும் தடுக்கமாட்டார்கள், வெளியே காத்திருக்கும் மருமகனை ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன்? ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் ஒளிக்கக் கற்றுக்கொடுத்தேனே... எனக்கே அந்தப் பழக்கம் எப்போது வந்தது?

திருச்சியிலிருந்து காலை விமானம். வழியெல்லாம் அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள். மேகத்தைப் பார்த்து, "பஞ்சாட்டம் இருக்குதுண்ணே" என்றாள். இடையிடையே நான் கற்றுக்கொடுத்ததை முணுமுணுத்துக்கொண்டாள். டூரு... அஞ்சு நாளு... அண்ணன்கூட...

இறங்கினோம். பெரிய கூடம், நீண்ட வரிசைகள். என் வரிசைக்கு அடுத்த வரிசையில் அவளை நிறுத்தினேன். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கவுன்டருக்கு வந்தோம். நான் விரல்களைக் கருவியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். என் பாஸ்போர்ட்டின் பக்கங்களை அதிகாரி புரட்டிக்கொண்டிருந்தார், மெதுவாக, மிக மெதுவாக... நிறைய முத்திரைகள்.

பக்கத்துக் கவுன்டரில் தலையில் முக்காடிட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தாள். அஞ்சலையின் குரல் கேட்டது. "டூரு. டூரு." பிறகு கைப்பையைத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்தேன். மேடைமேல் துணிகள் வெளியே வந்தன. பழைய நூல் புடவைகளைக் கிழித்து, துவைத்து, மடித்த சின்னச் சின்னத் துண்டுகள். பிறக்கப்போகும் குழந்தைக்கு.

ஊர் சுற்றிப் பார்க்க வந்தவளின் பையில் குழந்தைத் துணி! பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்ட நான், கைப்பையைப் பற்றிக் கேட்க மறந்திருந்தேன்.

அதிகாரி ஏதோ கேட்டாள். அஞ்சலை கையை நீட்டி என்னைக் காட்டினாள். "அதோ, அந்த அண்ணன்கூட வந்தேன்."

அந்த அதிகாரி எழுந்து, இரண்டு கவுன்டருக்கும் இடையிலிருந்த கண்ணாடிக்கு மேலாக என்னை நோக்கி ஆங்கிலத்தில் கேட்டாள். என்னுடைய அதிகாரியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முத்திரை அவர் கையில் இருந்தது. இன்னும் விழவில்லை.

"நோ" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

முத்திரை விழுந்தது.

இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் அதிகாரி என்ன கேட்டாள்? 'இவள் உனக்கு உறவா?' என்றா? 'இவளைத் தெரியுமா?' என்றா? 'சேர்ந்து வந்தீர்களா?' என்றா? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை ஒரு கேள்வி காதில் கேட்கிறது, மறுதடவை இன்னொன்று. 'உறவா' என்று கேட்டிருந்தால் நான் சொன்னது பொய்யில்லையே! அஞ்சலை எனக்கு உறவில்லையே! இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு பல நாள் தூங்கியிருக்கிறேன்.

பிறகுதான் நினைவு வந்தது. அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே என் தலை ஆடிவிட்டது. எந்தக் கேள்வியாக இருந்தாலும் என் பதில் அதுதான்.

அஞ்சலை அதைப் பார்த்தாளா? நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முகம் என் பக்கம் இருந்ததா, அதிகாரியின் பக்கம் இருந்ததா? சிரித்தாள் என்று நினைக்கிறேன். அல்லது அது நான் பின்னால் சேர்த்துக்கொண்டதா? 'நோ' என்ற வார்த்தைக்கு ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லையே...

நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே கோகிலா நின்றிருந்தாள். நிறைவயிறு. ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்க மாமா?"

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. மருமகன் உள்ளே ஓடி விசாரிக்கலாம், நானும் கூடப் போய், 'பயத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டேன், என்னோடுதான் வந்தாள்' என்று சொல்லலாம். அவர்கள் என்னை அந்த அறையில் உட்காரவைத்திருப்பார்கள். அவ்வளவுதான். அதிகம் போனால் என்னையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் என் கண்முன் வந்தவை, நாடா இல்லாத அந்த ஷூக்கள்.

"கேள்விக்கு மாத்தி மாத்திப் பதில் சொல்லிட்டா போலருக்கு. நான் வேற வரிசையில இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

மருமகன் தானாகவே ஓடினான். கெஞ்சிப் பார்த்துவிட்டு வியர்த்து வழியத் திரும்பி வந்தான். "டூர்னு சொன்னாங்களாம். யாரையோ கைகாட்டினாங்களாம், அந்த ஆள் தெரியாதுன்னு சொல்லிட்டாராம். பொண்ணுக்குப் பிரசவம்னு சொல்லியிருந்தா, என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டிருப்பாங்களே... இப்ப முடியாதாம். அடுத்த ஃபிளைட்ல ஏத்திடுவாங்களாம்."

யாரையோ. அந்த ஆள்.

அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். சந்தேகம் கொஞ்சம்கூட இல்லை. நான் வேறு வரிசையில் இருந்தேன் என்பதை நம்பி, பதற்றத்தில் அவள் வேறு யாரையோ காட்டிவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டான். கோகிலா அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து அழுதாள்.

அந்தப் பயணத்தை நான் பாதியில் விட்டு வரவில்லை. கடைகளுக்குப் போனேன், விளக்குகளைக் காட்டினேன். ஆர்டர் வழக்கத்தைவிட நன்றாகவே கிடைத்தது!

ஊர் திரும்பியதும் அஞ்சலையைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேனா, மனம் கேட்காமல் போனேனா? இரண்டும்தானோ... அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திருச்சியிலிருந்து தனியாக, கேட்டுக் கேட்டு, பஸ் மாறி வீடு வந்து சேர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஒங்களுக்கு ஏதும் தொந்தரவு ஆயிடலையே அண்ணே?"

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"நான்தாண்ணே ஒளறிட்டேன். நீங்க அவ்ளோ தெளிவா சொல்லிக்குடுத்தீங்க. அந்தம்மா மொகத்தப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒங்களக் கைகாட்டினதே தப்பு. ஒங்களையும் புடிச்சிருந்தா என்னா ஆவறது? அக்காவுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

அவள் சொல்லும் அக்கா என் மனைவி. அவளும் அன்று மாலை சொன்னாள்: "பாவம் அஞ்சல. நீங்க கூட இருந்தும் இப்டி ஆயிடுச்சே."

நீங்க கூட இருந்தும்!

கோகிலாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தை நலம், தாயும் நலம். பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை. பெரிய விபரீதம் எதுவும் நடக்கவில்லை. அப்படியானால் இந்தச் சுமை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே கேட்டுக்கொண்டு கொஞ்சநாள் ஓட்டினேன். அடுத்த பயணத்தில் அஞ்சலை கொடுத்தனுப்பிய பிரசவ லேகியத்தையும் முந்திரிப்பருப்பையும் எடுத்துக்கொண்டு கோகிலாவின் வீட்டுக்குப் போகும்வரை.

டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

"வலி வந்தப்ப அம்மா அம்மான்னுதான் கத்தினேன் மாமா. யாரு இருந்தாங்க? எங்க மாமியார் சொல்றாங்க, ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவங்களா ஒங்கம்மான்னு. எனக்கு மானம் போவுது. எங்கம்மாவுக்கு எப்பவும் இப்டித்தான். எதையும் ஒழுங்கா செய்யத் தெரியாது."

"அப்படிச் சொல்லாதம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்! 'உன் அம்மா எதையும் மாற்றிச் சொல்லவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். பிசகியவன் நான்' என்று சொல்ல வாய் வரை வந்தது. குழந்தை தூளியில் முனகியது. கோகிலா எழுந்து போனாள். அந்த நிமிஷம் கடந்துவிட்டது. அது கடந்துவிட்டதா, நான் கடக்கவிட்டேனா?

மகள் தாயிடம் சரியாகப் பேசுவதில்லை. தாய் போன் செய்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாள். அதனால் நான் ஒவ்வொரு தடவையும் குழந்தையைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறேன். அஞ்சலை பட்டறையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் போனைப் பார்க்கிறாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது, எல்லாம் என் போனில்தான். "ஒங்க புண்ணியத்துலதாண்ணே பாக்குறேன்" என்பாள். இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் பார்க்க வேண்டிய குழந்தையை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளுக்கே காட்டுகிறேன், அவள் எனக்கு நன்றி சொல்கிறாள்! இதில் நான் யார்? உதவி செய்கிறவனா?

ஒரு தடவை சொல்லத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரம், பட்டறையில் வேறு யாரும் இல்லை.

"அஞ்சல, அன்னைக்கி அந்த கவுன்டர்ல..."

"வுடுங்கண்ணே. அத ஏன் இப்ப?" என்று தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

அது வேதனையால் வந்த பேச்சா? எல்லாம் தெரிந்து, நான் அசிங்கப்படக் கூடாது என்று என் வாயை மூடிய பேச்சா? தெரிந்திருந்தால் எதற்காக மறைக்க வேண்டும்? என் போன் இல்லாவிட்டால் குழந்தையைப் பார்க்க முடியாது என்பதாலா? ஐயோ, அப்படி இருந்தால்... அது நான் செய்ததைவிடக் கொடுமையல்லவா!

போன வாரம் கோகிலாவின் கணவன் என்னிடம் போனில் பேசினான். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. இந்தத் தடவை அவனே அதிகாரிகளிடம் விசாரித்துவிட்டான். மகள் வீட்டுக்கு வருவதாக உண்மையைச் சொன்னால் போதும், நான் வெளியே நிற்பேன், கூப்பிட்டால் வருவேன் என்றான். "நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க மாமா." கோகிலா பேசவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது.

அஞ்சலை வீட்டுக்கு வந்தாள். என் மனைவி டீ கொடுத்தாள். நான் மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தடவை உண்மையை.

"எதுக்கு வந்தேன்னு கேட்டா?"

"பொண்ணு வூட்டுக்கு வந்தேன். பேத்திக்குப் பொறந்த நாளு."

"எங்க தங்குவ?"

"பொண்ணு வூட்டுல. மருமவன் வெளிய நிக்குறாரு."

"போன தடவ ஏன் திருப்பி அனுப்பினாங்க?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பயத்துல ஒளறிட்டேன்."

அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

பிறகு கேட்டாள்: "யாருகூட வந்தேன்னு கேட்டா என்னா சொல்லணும்ண்ணே?"

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'என்னோடு வந்ததாகச் சொல், என்னைக் கைகாட்டு, நான் ஆமாம் என்பேன்.' அவ்வளவுதானே! ஒரே மூச்சில் சொல்லிவிடலாமே! என் மனைவி அங்கேதான் நின்றிருந்தாள். எனக்கு உள்ளங்கை நனைந்தது. என் சொந்த வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு!

"தனியா வந்தேன்னு சொல்லிடு" என்றேன்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது.

"சரிண்ணே. போன தடவையும் தனியாத்தான நின்னேன்."

சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். "போயிட்டு வரேங்க்கா" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அது வெறும் பேச்சா? தீர்ப்பா? அன்றிலிருந்து அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் அதில் ஒன்றும் இல்லை. மறுநாள் அதில் எல்லாமே இருக்கிறது.

வரும் வியாழக்கிழமை கிளம்புகிறோம். விமானத்தில் அஞ்சலை என் பக்கத்து இருக்கையே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்தக் கூடத்தில், அந்த வரிசையில், யாராவது என்னைப் பார்த்து இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று மறுபடியும் கேட்டால்...

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை!